மூத்த மீட்டரின் தீர்ப்பு

நீரேற்று நிலையத்து வயர்மேனுக்குப் பெற்றோர் வைத்த பெயரை வருகைப் பதிவேட்டில்தான் பார்க்கலாம். மற்றபடி ஊருக்கே அவர் 'ரெண்டுதரம்'. வீட்டைப் பூட்டினால் பூட்டை ரெண்டுதரம் இழுத்துப் பார்ப்பார். பஸ் போர்டைப் படித்துவிட்டு ஏறினாலும், ஏறியபின் கண்டக்டரிடம் இன்னொரு தரம் கேட்பார். பெண் பார்க்க வந்தபோது, "பிடிச்சிருக்கா?" என்று கேட்டதற்கு, "இன்னொரு தரம் பார்த்துக்கலாமா?" என்றவர் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். இருபத்திரண்டு வருஷம் கரண்டோடு புழங்கியும் பத்து விரலும் பத்திரமாக இருப்பதற்கு இந்தக் குணம்தான் காரணம் என்று அவர் நம்பினார்.

அப்பேர்ப்பட்டவர் பார்த்துச் சொன்ன கம்பியில்தான் அவருடைய மச்சினன் தூக்கி எறியப்பட்டான்.

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, அதே நிலையத்தில் மெக்கானிக். அன்று காலை மூன்றாம் நம்பர் பம்பின் ஸ்டார்ட்டர் பெட்டியில் தேய்ந்துபோன கான்டாக்ட்டுகளை மாற்ற வேண்டியிருந்தது. ரெண்டுதரம் மெயின் சுவிட்சை அணைத்தார். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் கைமீட்டரின் இரண்டு முனைகளையும் பக்கத்து பிளக்கில் செருகினார். இருநூற்று முப்பது வோல்ட் காட்டியது. சரி, மீட்டர் உயிரோடு இருக்கிறது. பிறகு பெட்டிக்குள் மூன்று கம்பிகளிலும் வைத்துப் பார்த்தார். மூன்றிலும் பூஜ்யம். வழக்கப்படி இன்னொரு தரம் வைத்தார். அப்போதும் பூஜ்யம்.

"கையை வை மாப்ளே," என்றார்.

மாப்பிள்ளை கையை வைத்தான். அடுத்த நொடி ஆறடி தள்ளி, கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவே கிடந்தான். வலது உள்ளங்கை வெந்திருந்தது. தோள்பட்டை இறங்கியிருந்தது. ஆளைத் தூக்கி வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு, ரெண்டுதரம் அந்த மீட்டரோடு தனியாக நின்றார். அதை அவர் பார்த்த பார்வை, வீட்டுக்குள் களவு போனபின் கூடவே இருக்கிறவனைப் பார்க்கிற பார்வை.

மறுபடி பிளக்கில் செருகினார். சிவப்பு வயரை நேராகப் பிடித்தால் இருநூற்று முப்பது. கழுத்துப் பக்கம் கொஞ்சம் வளைத்தால் பூஜ்யம். நீட்டினால் உயிர், மடக்கினால் சாவு. வருஷக்கணக்காக மடங்கி மடங்கி வயரின் மேல்தோல் அப்படியே இருக்க, உள்ளே செம்பு அறுந்துபோயிருந்தது. மெயின் சுவிட்சைத் திறந்து பார்த்தார். கைப்பிடி என்னவோ ஒழுங்காகக் கீழே இறங்கியிருந்தது. உள்ளே கரண்டைத் துண்டிக்கும் மூன்று கத்திகளில் ஒன்று மட்டும் இறங்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது வேறொன்று. கம்பியை ரெண்டுதரம் பார்த்தார். மீட்டரை ஒருதரம்தான் பார்த்தார். பூஜ்யம் காட்டிய பிறகு திரும்பப் போய் பிளக்கில் இன்னொரு முறை வைத்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். இதை யாரும் கேட்கவில்லை. அவரே போய் மனைவியிடம் சொன்னார்.

"என் தம்பியை வெச்சா டெஸ்ட் பண்ணீங்க?" என்றாள் அவள். அதற்குப் பிறகு நாலு நாள் பேசவில்லை.

கட்டுப்போட்ட கையோடு மச்சினன் அக்கா வீட்டுக்கே வந்து சேர்ந்தான். வந்தவன் மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. புழுக்கமாக இருக்கிறதே என்று ரெண்டுதரம் ஃபேன் சுவிட்சைப் போட எழுந்தால், "வேண்டாம். அக்கா, நீ வந்து போடு," என்பான். அக்காவும் அடுப்பை விட்டுவிட்டு வந்து போடுவாள்.

புது வயர் மாட்டினால் தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அவரும் நினைத்தார். ஆனால் அந்த வயர் மீட்டரோடு சேரும் இடத்தில் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'மெய்ப்பிக்கப்பட்டது. கிழிப்பது குற்றம்.' ஒட்டியது, மீட்டர்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் மின் அளவுக்கருவி மெய்ப்பு இயக்ககம். அவர்கள் கிழித்தால் பராமரிப்பு, அவர் கிழித்தால் வழக்கு. போதாக்குறைக்கு நிலையக் கண்காணிப்பாளர், "மெய்ப்பு ஆபீஸ் மீட்டர் தப்புன்னு எழுதிக் கொடுக்கிற வரைக்கும் உங்க கவனக்குறைவுன்னுதான் என் ரிப்போர்ட். மச்சினனுக்கு விபத்து விடுப்பும் கிடையாது. சுவிட்ச் ரிப்பேரும் அதுக்கப்புறம்தான்," என்று சொல்லிவிட்டார்.

ஆகவே ரெண்டுதரம் மீட்டரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மெய்ப்பு ஆபீசுக்குப் போனார்.

வாசலில் மூன்று ஜன்னல்கள். முதல் ஜன்னலில் வரிசை தெருவரைக்கும் நின்றது. ஒன்றரை மணி நேரம் கழித்து குமாஸ்தா முன்னால் போய் நின்றார்.

"புகார் யார் மேல? மீட்டர் மேலயா, கரண்ட் மேலயா, உங்க மேலயா?"

"மீட்டர் மேலதாங்க."

"மீட்டர்னா இந்த ஜன்னல். கரண்ட்னா ரெண்டாவது. உங்க மேலன்னா மூணாவது." குமாஸ்தா குரலைத் தணித்தார். "என்னைக் கேட்டா மூணாவதுக்குப் போயிடுங்க. கூட்டமே இல்லை. பத்து நிமிஷத்துல முடிச்சுக் கொடுத்துடுவாங்க."

"தப்பு மீட்டர்லங்க."

"எல்லாரும் வரும்போது அப்படித்தான் சொல்றாங்க," என்று குமாஸ்தா பெருமூச்சு விட்டார். "மீட்டருக்குப் பணி தொடங்கின தேதி?"

"பதினாலு வருஷம் ஆச்சு."

"உங்களுக்கு?"

"இருபத்திரண்டு."

"அப்ப நீங்கதான் பழசு," என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். எதற்குக் குறித்தார் என்று ரெண்டுதரத்துக்கு விளங்கவில்லை. விளங்காதது எதுவும் அவருக்கு நல்லதாகப் படாது.

மீட்டரை உடனே சோதிக்க முடியாது என்றார்கள். களத்திலிருந்து வருகிற கருவி களைத்திருக்கும். மூன்று நாள் ஓய்வறையில் இருக்க வேண்டும். ஓய்வறையைக் கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். ஏசி ஓடியது, ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. நுரைமெத்தை விரித்த தட்டுகளில் மீட்டர்கள் மல்லாந்து படுத்திருந்தன. வெளியே தாழ்வாரத்தில் அவற்றின் சொந்தக்காரர்கள் வேர்த்து விறுவிறுத்து, ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு லிஃப்ட்காரர் எட்டு நாளாகக் காத்திருக்கிறாராம். அவருடைய மீட்டர் இன்னும் முழுதாகத் தேறவில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

நாலாம் நாள் சோதனை. சோதனை அலுவலர் ஒரு நடுத்தர வயது அம்மாள். முழங்கைவரை ரப்பர் கையுறை போட்டிருந்தார். மீட்டரை எடுத்து மேஜையில் வைத்து, சிவப்பு வயரை ஸ்கேல் வைத்தாற்போல நேராக நீட்டி, நுனியை மெல்ல பிளக்கில் செருகினார்.

"இருநூத்தி இருபத்தெட்டு. பாஸ்."

"அம்மா, அந்த வயரைக் கொஞ்சம் வளைச்சுப் பாருங்க."

"விதி பதினொண்ணு. சோதனை நேரத்துல கருவியைத் துன்புறுத்தக் கூடாது."

"வேலை பார்க்கிற இடத்துல வளையாம இருக்காதே அம்மா. பெட்டிக் கதவு இடிக்கும், எண்ணெய் படும், தண்ணி தெறிக்கும்."

"அதெல்லாம் இடத்தோட குறை. மீட்டரோட குறை இல்லை."

சொல்லிவிட்டு அந்த அம்மாள் அறை விளக்கை அணைக்கப் போனார். சுவிட்சைத் தொடுமுன் கையுறையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். ரெண்டுதரம் அதைக் கவனித்தார். சுவிட்சுக்குப் பக்கத்தில் சுவரில் அதே வட்ட ஸ்டிக்கர் இருந்தது.

"ஏம்மா, இந்த போர்டும் மெய்ப்பிச்சதுதானே? கையுறை எதுக்கு?"

அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார். பிறகு, "நான் பதினேழு வருஷமா இங்க சோதனை பண்றேன்ல," என்றார். சொல்லிவிட்டு மீட்டரின் சீட்டில் பாஸ் முத்திரையைக் குத்தினார்.

ரெண்டுதரம் விடவில்லை. வளைத்துப் பார்க்காமல் பாஸ் போடுவதை ஒப்ப மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். அந்த அலுவலக வரலாற்றிலேயே ஒரு பாஸை எதிர்த்து வந்த முதல் மனு அது. அதனால் இயக்குநரே விசாரிப்பதாக முடிவாயிற்று. மூன்று வாரம் கழித்து, அடிபட்டவனையும் அழைத்து வரச் சொன்னார்கள்.

விசாரணை மண்டபத்தின் நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள், பட்டுத் துணிமேல், ஒரு பெரிய முள் மீட்டர் உட்கார்ந்திருந்தது. அதுதான் மூத்த மீட்டர். ஊரிலுள்ள மற்ற எல்லா மீட்டர்களும் அதனோடு ஒப்பிட்டே சரி என்றும் தவறு என்றும் சொல்லப்படும். முள் இருநூற்று முப்பதில் நின்றது.

இயக்குநர் வந்தார். முதலில் மூத்த மீட்டரைப் பார்த்துத் தலையை லேசாகத் தாழ்த்தினார். பிறகு மனுதாரரைப் பார்த்தார். தலை தாழவில்லை.

முதலில் மச்சினனை எழுப்பினார்கள்.

"உங்களை எது அடிச்சதுன்னு சொல்றீங்க?"

"கரண்டுதான் சார்."

"கரண்டுதான்னு எப்படித் தெரியும்? அளந்தீங்களா?"

மச்சினன் முழித்தான். "அடிச்சுது சார். தூக்கிப் போட்டுது."

"காத்துகூட தூக்கிப் போடும். நான் கேட்கிறது அளந்தீங்களான்னு."

"நான் அளக்கலை. மாமாதான் அளந்தாரு."

"என்ன காட்டிச்சு?"

"பூஜ்யம்."

இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதுகிறவரைப் பார்த்தார். "எழுதிக்கோங்க. சம்பவ நேரத்துல கரண்ட் பூஜ்யம்னு சாட்சியே ஒத்துக்கிறார்."

"சார், கை வெந்திருக்கு சார்!" என்று மச்சினன் கட்டைத் தூக்கிக் காட்டினான்.

"வெந்திருக்கலாம். நாங்க வெப்பத்துறை இல்லை."

ரெண்டுதரம் எழுந்தார். "ஐயா, மீட்டருக்கும் வயசாகும். வயர் இத்துப்போகும், முனை தேயும், உள்ளே சுவிட்ச் அழுக்கேறும். நான் யார் மேலயும் குத்தம் சொல்ல வரலை. இந்த வயரை மாத்திக் கொடுங்க, அந்த மெயின் சுவிட்சை ரிப்பேர் பண்ணச் சொல்லுங்க. அது போதும்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேசப் போகிறார் என்று புரிந்துகொண்டு எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"வருஷத்துக்கு நாப்பதாயிரம் கருவிக்குச் சான்று கொடுக்கிறோம். இதுவரைக்கும் ஒண்ணுகூட ஃபெயில் ஆனதில்லை. ஏன்? ஃபெயில் ஆகிற மாதிரி ஒரு சோதனையை நாங்க வெச்சதே இல்லை. அவ்வளவு கவனம். ஜனங்க எதை நம்பி சுவிட்ச் போடறாங்க? கரண்டை நம்பியா? அதைக் கண்ணால பார்த்தவன் யாரு? ஸ்டிக்கரை நம்பிப் போடறாங்க. ஒரு வயருக்காக ஸ்டிக்கரைச் சந்தேகப்பட்டா, நாளைக்கு ஒருத்தன் வீட்டுலயும் விளக்கு எரியாது. மீட்டருக்கு வயசாகும்னு சொன்னீங்க. ஆகும். ஆக ஆக மரியாதை கூடும். அதோ பாருங்க." அவர் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். "நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு இருநூத்தி முப்பது காட்டிச்சு. இன்னிக்கும் இருநூத்தி முப்பது. ஊர்ல கரண்ட் ஏறும், இறங்கும், நின்னுபோகும். இது ஒரு நாள் அசைஞ்சதில்லை."

"கரண்ட் நின்னப்பவுமா ஐயா?"

"அப்பவும்!" என்றார் இயக்குநர் பெருமையாக.

ரெண்டுதரம் கண்ணாடிப் பெட்டியை இன்னொரு தரம் பார்த்தார். "ஐயா, ரெண்டு மீட்டரையும் ஒரே லைன்ல வெச்சு ஒப்பிட்டுப் பார்க்கலாமா?"

விதியில் அதற்கு இடமிருந்தது. சோதனை அலுவலர் இரண்டையும் மண்டபத்து சுவிட்ச் பலகையிலிருந்த ஒரே இணைப்பில் மாட்டினார். சின்னது இருநூற்று இருபத்தெட்டு. பெரியது இருநூற்று முப்பது. "ரெண்டு வித்தியாசம். ஜூனியர்தானே, பரவாயில்லை," என்றார் இயக்குநர்.

"இப்ப சுவிட்சை அணைங்கம்மா."

அந்த அம்மாள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு அணைத்தார். மின்விசிறிகள் மெதுவாகி நின்றன. சின்ன மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது. மூத்த மீட்டரின் முள் இருநூற்று முப்பதில் நின்றது.

இயக்குநர் அந்த முள்ளைக் காட்டினார். "பார்த்தீங்களா? அணைச்ச பிறகும் லைன்ல இருநூத்தி முப்பது இருக்கு. சின்னது பயத்துல கீழே இறங்கிடுச்சு."

ரெண்டுதரம் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் போனார். மூத்த மீட்டரின் இரண்டு வயர்களையும் உருவி, கையில் தூக்கிப் பிடித்தார்.

"ஐயா, வயரையே கழட்டிட்டேன். இன்னும் இருநூத்தி முப்பதுலதான் நிக்குது."

இயக்குநர் முகத்தில் ஒரு பரவசம் தெரிந்தது. "அனுபவம்னா அதுதான்யா! அளந்து பார்க்காமலே தெரியும்."

இனி பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று ரெண்டுதரத்துக்குத் தெரிந்துவிட்டது. தன் மீட்டரை எடுத்தார். வயரை நேராகப் பிடித்து, தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஃபேனுக்குப் பக்கத்து பிளக்கில் வைத்தார். இருநூற்று இருபத்தெட்டு. பலகைக்கு வந்து வைத்தார். பூஜ்யம். திரும்பவும் தாழ்வாரத்துக்கு நடந்துபோய் வைத்தார். இருநூற்று இருபத்தெட்டு. அன்று பம்பு அறையில் நடக்காமல் விட்ட நடை அது. பிறகு பலகை முன்னால் வந்து, வெறுங்கையை இணைப்பின் மேல் கொண்டுபோனார்.

"மாமா! வேண்டாம் மாமா!" என்று மச்சினன் கட்டுப்போட்ட கையோடு பாய்ந்து வந்தான்.

அதற்குள் உள்ளங்கை இணைப்பின் மேல் படிந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. அவர் கையை எடுத்து விரல்களை விரித்துக் காட்டினார். முதுகு மட்டும் நனைந்திருந்தது. மச்சினன் அவர் சட்டையைப் பிடித்தபடி நின்றான், விடவில்லை. நாலு வாரத்தில் அவன் அவரிடம் புதிதாகச் சொன்ன வார்த்தை 'வேண்டாம்' என்பதல்ல. அதை ஃபேனுக்காகத் தினம் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். 'மாமா' என்பதுதான்.

"இப்ப சொல்லுங்க ஐயா. அங்க கரண்ட் இருக்கா, இல்லையா?"

இயக்குநர் நிதானமாக எழுதுகிறவர் பக்கம் திரும்பினார். தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. பத்து நாளில் நீரேற்று நிலையத்துக்கு நகல் வந்தது. கண்காணிப்பாளர் அதை எல்லோரையும் நிறுத்திவைத்துப் படித்தார்:

"மூத்த மீட்டரின்படி இருநூற்று முப்பது வோல்ட் இருந்த இணைப்பைத் தொட்டும் வயர்மேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனுதாரரின் மீட்டரின்படி பூஜ்யம் இருந்த கம்பியைத் தொட்ட மெக்கானிக் தூக்கி எறியப்பட்டார். இதிலிருந்து, வயர்மேனின் உடல் இருக்கும் மின்சாரத்தை ஏற்க மறுக்கிறது என்பதும், மெக்கானிக்கின் உடல் இல்லாத மின்சாரத்தை ஏற்றுக்கொள்கிறது என்பதும் தெளிவாகிறது. இரண்டு உடல்களும் இந்த இயக்ககத்தால் மெய்ப்பிக்கப்படாதவை. மீட்டர் சரி. சம்பவ நேரத்தில் மின்சாரம் இல்லாததால் மெயின் சுவிட்சில் பழுது இருக்க வாய்ப்பில்லை. எனவே ரிப்பேர் தேவையில்லை."

மீட்டரும் கூடவே திரும்பி வந்திருந்தது. சிவப்பு வயரின் கழுத்தில், சரியாக உள்ளே செம்பு அறுந்த இடத்தைச் சுற்றி, புத்தம்புது ஸ்டிக்கர். அதற்குமேல் இன்னொன்று.

"ரெண்டு ஸ்டிக்கர்!" என்றார் கண்காணிப்பாளர். "இனிமே என்னய்யா சந்தேகம்? மேல்தெருவுல ஒரு மாசத்துக்கு மேலா தண்ணி ஏறலை. மூணாம் நம்பரை இன்னிக்கே முடிங்க."

அவர் போனபிறகு பம்பு அறையில் மாமனும் மச்சினனும் மட்டும் நின்றார்கள். ரெண்டுதரம் சுவிட்சை அணைத்தார். கைப்பிடி ஒழுங்காகக் கீழே இறங்கியது. அது எப்போதும் ஒழுங்காகத்தான் இறங்கும். மீட்டரை எடுக்கக் கையை நீட்டினார்.

"அதை எடுக்காதீங்க மாமா. அதை நான் நம்ப மாட்டேன்."

"நானும் நம்பலை."

"சுவிட்சையும் நம்ப மாட்டேன்."

"சரி."

மச்சினன் தயங்கினான். "உங்களையும்தான்."

"நம்பாதே மாப்ளே," என்றார் ரெண்டுதரம். "அன்னிக்கு என்னை நம்பித்தானே கையை வெச்ச. இன்னிக்கு யாரையும் நம்ப வேண்டாம். இப்படி வா."

சுவிட்சுக்குக் கீழே இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். ஒன்றொன்றாக மூன்று ஃபியூஸ்களையும் உருவினார். சூடு கண்டு கறுத்த பீங்கான் துண்டுகள். மூன்றையும் மச்சினன் உள்ளங்கையில் வைத்தார். வெந்த அந்தக் கையை இன்னும் முழுதாக மூட வரவில்லை.

"லைன் இது வழியாத்தான் போயாகணும். வேற வழி கிடையாது. மூணும் உன் பைல இருக்கட்டும். வேலையை முடிச்சிட்டு நீயா எடுத்துக் கொடுத்தாத்தான் நான் திரும்ப மாட்டுவேன். கண்காணிப்பாளர் வந்து கேட்டாலும் கொடுக்காதே. நானே கேட்டாலும் கொடுக்காதே."

மச்சினன் ஃபியூஸ்களைப் புரட்டிப் பார்த்தான். "நாலாவதா ஒண்ணு எங்கயாவது இருக்கா?"

"இல்லை."

"அக்கா மேல சத்தியமா?"

"உங்க அக்கா மேல சத்தியம்."

அது அவனுக்குப் போதவில்லை. தானே போய் ஃபியூஸ் பெட்டியைக் குனிந்து பார்த்தான். காலியான மூன்று குழிகளுக்குள்ளும் டார்ச் அடித்தான். அங்கிருந்து ஸ்டார்ட்டர் பெட்டிவரை சுவரோடு ஓடும் குழாயை விரலால் தடவிக்கொண்டே நடந்து வந்தான், நடுவில் வேறெதுவும் வந்து சேரவில்லை என்று நிச்சயமாகும்வரை. ரெண்டுதரம் அவசரப்படுத்தவில்லை. அவன் தேடி முடிக்கும்வரை சுவரோரமாக நின்றார்.

மச்சினன் மூன்று ஃபியூஸ்களையும் சட்டைப் பையில் போட்டான். பையின் பொத்தானைப் போட்டான். ஸ்டார்ட்டர் பெட்டி முன்னால் வந்து டார்ச்சை அவரிடம் நீட்டினான்.

"டார்ச்சைக் கிட்ட வந்து பிடிங்க மாமா," என்று சொல்லிவிட்டுக் கையை உள்ளே விட்டான்.